கடைவாயில் மணி: மின்னணுக் காவல் வில்லைகள் செயற்படும் விதம்

நெடுங்காலமாக வணிகத்தில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே ஒரு மேசை இருந்துவந்தது. வாடிக்கையாளர் கேட்பார், கடைக்காரர் எடுத்து, நிறுத்து, பொட்டலம் கட்டிக் கொடுப்பார். பொருள் கைமாறும்போதே பணமும் கைமாறும். இல்லையேல் பற்று வரவுப் புத்தகத்தில் ஒரு வரி ஏறும். இம்முறையில் கடைக்காரரின் கண்களே காவல். வேறு காவல் தேவைப்படவில்லை. 1916-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் ‘பிக்லி விக்லி’ என்னும் கடையைத் திறந்தபோது அந்த மேசையை வாயிலருகே தள்ளிவைத்தார். வாடிக்கையாளர் கூடையுடன் தாமே உள்ளே சென்று, அடுக்குகளிலிருந்து வேண்டியதை எடுத்து, வெளியேறும் இடத்தில் பணம் செலுத்தலாம் என்றாயிற்று. ஆட்செலவு குறைந்தது, விற்பனை பெருகியது. அத்துடன், பணம் பெறப்படாத பொருள் மக்களின் கைகளில் உலவும் நேரமும் கூடிற்று.

நம் நாட்டில் ஒரே கூரையின்கீழ்ப் பலவகைப் பொருள்களை விற்கும் பேரங்காடிக்கு, கூட்டுறவு முறையில் 1966-இல் புது தில்லி கன்னாட் பிளேஸில் தொடங்கப்பெற்ற ‘சூப்பர் பஜார்’ ஓர் எடுத்துக்காட்டு. தனியார் துறையில் 1991-இல் மும்பை அந்தேரியில் ‘ஷாப்பர்ஸ் ஸ்டாப்’ தொடங்கப்பெற்றது. அதன்பின் பெருநகரங்களில் தோன்றிய பேரங்காடிகள் படிப்படியாக மாவட்டத் தலைநகரங்களையும் எட்டியுள்ளன. அவற்றுள் பலவற்றின் வாயிலில் இடுப்பளவோ தோளளவோ உயரமுள்ள இரு தூண்கள் நிற்பதைக் காணலாம். அவற்றினூடே செல்கையில் சில வேளைகளில் மணி ஒலிக்கும், விளக்கு எரியும், காவலாளி விரைந்து வருவார், கடையில் உள்ளோர் அனைவரும் திரும்பிப் பார்ப்பர். அந்த மணி எதனை அறிந்து ஒலிக்கிறது, எதனை அறியாமல் ஒலிக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த ஏற்பாட்டைத் ‘திருட்டுத் தடுப்பு’ என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. கண்டிப்பாகச் சொல்வதானால் இது எதனையும் தடுப்பதில்லை. தூண்களுக்கிடையே கதவில்லை, பூட்டில்லை. உயிருள்ள வில்லை ஒன்று இவ்விடத்தைக் கடக்கிறது என்ற ஒரே செய்தியை அது அறிவிக்கிறது. ‘வில்லை’ என்று இங்குக் குறிப்பிடப்படுவது பொருளின்மீது ஒட்டப்படும் அல்லது மாட்டப்படும் சிறு தகடு. கடை ஊழியர்கள் இதனை ‘டேக்’ என்றே வழங்குகின்றனர்.

தோற்றம்

1960-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் இருவேறு இடங்களில் இம்முயற்சி ஏறக்குறைய ஒரே காலத்தில் தொடங்கிற்று. நியூயார்க்கில் ஆர்தர் மினாசி என்பவர் ஒருபுறம் இதில் ஈடுபட்டார். ஓஹையோ மாநிலத்தின் அக்ரன் நகரில் அங்காடி மேலாளராக இருந்த ரொனால்ட் அஸ்ஸாஃப் என்பவர் மறுபுறம். மதுப்புட்டிகளுடன் ஓடிய ஒருவனைத் துரத்திப் பிடிக்க இயலாமற்போன நிகழ்ச்சியே அஸ்ஸாஃபை இவ்வழியில் சிந்திக்கத் தூண்டியது என்று சொல்லப்படுகிறது. அவர் நிறுவிய ‘சென்சர்மாட்டிக்’ நிறுவனம் பின்னாளில் இத்துறையின் முன்னணிக்கு வந்தது. நூலகங்களிலிருந்து நூல்கள் மறைவதைத் தடுக்கும் நோக்குடன் வானொலி அலை வில்லைகளைக் கொண்டு வேறொரு முயற்சியும் அதே பத்தாண்டின் இறுதியில் உருப்பெற்றது.

ஆனால் இதன் அறிவியல் வேர் இன்னும் பழையது. 1934-ஆம் ஆண்டிலேயே பிரான்சில் பிக்கார் என்பவர், குறிப்பிட்ட சில காந்த உலோகத் துண்டுகள் மாறுமின்னோட்டக் காந்தப்புலத்தில் வைக்கப்படும்போது தனக்கே உரிய அடையாளம் ஒன்றை வெளிப்படுத்துகின்றன என்பதைக் கண்டு காப்புரிமை பெற்றிருந்தார். கடைகளில் சுயசேவை பரவி, அதனால் இழப்பும் பெருகும் வரை அந்தக் கண்டுபிடிப்புக்குச் சந்தையில் வேலை இருக்கவில்லை.

கேள்வியும் மறுமொழியும்

எல்லா வகை ஏற்பாடுகளுக்கும் அடிப்படை ஒன்றே. வாயில் தூண்களுள் ஒன்றிலோ இரண்டிலுமோ கம்பிச்சுருள்கள் மறைந்துள்ளன. அவை இடையறாது ஒரு மின்காந்தப் புலத்தை எழுப்பிக் ‘கேள்வி’ கேட்ட வண்ணம் உள்ளன. வில்லையில் மின்கலமோ மின் இணைப்போ கிடையாது. புலத்திலிருந்து கிடைக்கும் சிறிதளவு ஆற்றலைக் கொண்டே அது ‘மறுமொழி’ தருகிறது. அந்த மறுமொழி, சாவிக்கொத்து, குடை, டிபன் பாத்திரம், பெல்ட் பக்கிள் ஆகியவை தரும் மறுமொழியிலிருந்து வேறுபட்டதாக இருத்தல் வேண்டும். இத்துறையின் முழுத் திறமையும் இந்த வேறுபாட்டைப் படைப்பதிலேயே அடங்கியுள்ளது. உலோகத்தைக் கண்டுபிடிப்பது எளிது. விமான நிலையத்தில் அதனைத்தான் செய்கின்றனர். உலோகங்களின் கூட்டத்தில் ஒரேயொரு குறிப்பிட்ட உலோகத்தை இனங்காண்பதே கடினம்.

பணம் செலுத்தும் மேசையில் இரண்டாவது பணி நடைபெறுகிறது. அங்கு ஒட்டுவில்லையின் மறுமொழி கூறும் ஆற்றல் அழிக்கப்படுகிறது; கெட்டி வில்லையாயின் கழற்றப்படுகிறது. எனவே ‘பணம் செலுத்தப்பட்டது’ என்பதை வாயில் நேரடியாக அறிவதில்லை. மேசையில் இருப்பவர் தம் வேலையைச் செய்தாரா என்பதையே அது அறிகிறது. இந்தச் சிறு வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம்.

வானொலி அலை வில்லை

சட்டை அட்டையிலோ அழகுப்பொருள் பெட்டியிலோ ஒட்டப்பட்டுள்ள சுமார் 4 சென்டிமீட்டர் சதுரமான தாள் வில்லையைப் பிரித்துப் பார்த்தால், மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின்மீது அலுமினியத் தகட்டால் ஆன சதுரச் சுருள் ஒன்று காணப்படும். படலத்தின் மறுபக்கத்திலும் ஓர் அலுமினியப் பகுதி உண்டு. சுருள், மின்தூண்டியாகச் செயற்படுகிறது. படலத்தின் இருபுறமும் எதிரெதிரே உள்ள உலோகப் பரப்புகள் மின்தேக்கியாகின்றன. மின்தூண்டியும் மின்தேக்கியும் இணைந்த சுற்றுக்கு இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு என்பதை இயற்பியல் மாணவர்கள் அறிவர். பழைய வானொலிப் பெட்டியில் குமிழைத் திருகி நிலையத்தைப் பிடிப்பது இதே தத்துவத்தால்தான். பெரும்பாலான கடைகளில் வில்லையின் இயல்பதிர்வெண் 8.2 மெகாஹெர்ட்ஸ்.

தூண் இந்த அதிர்வெண்ணை மட்டும் அனுப்புவதில்லை. உற்பத்தியில் ஒவ்வொரு வில்லையும் சிறிது முன்பின்னாக அமையும் என்பதால், 8.2-க்குச் சற்றுக் கீழிருந்து சற்று மேல்வரை அலையின் அதிர்வெண்ணை ஏற்றியிறக்கி, அந்த வரம்பு முழுவதையும் நொடிக்குப் பல முறை துழாவுகிறது. ஒரே சுருதியில் கூட்டிய இரு தம்புராக்களுள் ஒன்றின் தந்தியை மீட்டினால் மற்றதன் தந்தியும் மெல்ல அதிர்வதை இசைப் பயிற்சி உடையோர் அறிவர். அதுபோல் அலை வில்லையின் சுருதியைத் தொடும் கணத்தில் வில்லை ஆற்றலை ஈர்த்து அதிர்கிறது. எதிர்த்தூணில் உள்ள ஏற்பி அந்தக் கணநேர மாற்றத்தைக் கண்டுகொள்கிறது.

இதனைச் செயலிழக்கச் செய்யும் முறை சுவையானது. வில்லையைத் தயாரிக்கும்போதே மின்தேக்கியின் ஓரிடத்தில் படலம் வேண்டுமென்றே மெலிதாக அழுத்தப்பட்டிருக்கும். பணம் செலுத்தும் மேசையின் அடியிலுள்ள தட்டு, வாயிலில் உள்ளதைவிட வலுவான புலத்தை அதே அதிர்வெண்ணில் எழுப்புகிறது. வில்லையில் எழும் மின்னழுத்தம் மெலிந்த இடத்தைத் துளைத்து இரு உலோகப் பரப்புகளையும் இணைத்துவிடுகிறது. மின்தேக்கி மின்தேக்கியாக இராததால் சுற்று ஊமையாகிறது. ஊமையான வில்லைக்கு மீண்டும் குரல் கொடுக்க இயலாது. ஆகவே ஒரு முறை விற்கப்படும் பொருளுக்கே இது ஏற்றது.

விலை மலிவு, தாளைப் போன்ற மென்மை, விலைச்சீட்டுடன் சேர்த்தே அச்சிடும் வசதி ஆகியவை இதன் நிறைகள். குறைகளும் உண்டு. உலோகப் பரப்புக்கு அருகில் ஒட்டினால் சுருதி கலைந்துவிடும். எனவே தகர டப்பாக்களுக்கும் அலுமினிய உறையிட்ட பொருள்களுக்கும் இது பயன்படாது. மாறாக, சுருட்டி வைக்கப்பட்ட மின்கம்பி வடம் போன்றவை தற்செயலாக அதே சுருதியில் அமைந்து, வில்லை எதுவும் இல்லாமலே மணியை ஒலிக்கச் செய்வதும் உண்டு.

பாடும் உலோகக் கண்ணாடி

எழுதுவோருக்கு மிகுந்த ஈடுபாட்டைத் தருவது அடுத்த வகையே. மருந்துப் பெட்டிகளிலும் சவர அலகுப் பொதிகளிலும், ஏறத்தாழ நான்கரை சென்டிமீட்டர் நீளமுள்ள, சிறிது தடித்த வெண்ணிறப் பிளாஸ்டிக் துண்டை வாசகர்கள் கண்டிருக்கக்கூடும். அதன்மேல் அச்சிடப்பட்டுள்ள கோடுகள் வெறும் அலங்காரம். குலுக்கினால் உள்ளே ஏதோ மெல்ல அசையும். அவ்வாறு அசைவதற்கு இடம் விட்டிருப்பதுதான் அதன் இரகசியம்.

அதனுள் இருப்பது ஒரு சாதாரண உலோகத் தகடு அன்று. உருகிய உலோகத்தை நொடிக்குப் பத்து இலட்சம் பாகை என்ற அளவிலான வேகத்தில் குளிரச் செய்தால், அணுக்கள் படிக வடிவில் அணிவகுக்க நேரமின்றி, திரவத்தில் இருந்த ஒழுங்கற்ற நிலையிலேயே உறைந்துவிடும். கண்ணாடியின் அமைப்பும் இத்தகையதே ஆதலின் இதற்கு ‘உலோகக் கண்ணாடி’ என்று பெயர். 1960-இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் போல் டுவேயும் அவருடைய மாணவர்களும் தங்கமும் சிலிக்கனும் கலந்த உலோகக் கலவையில் இதனை முதன்முதலாகக் காட்டினர். நம் நாட்டில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டி.ஆர். அனந்தராமனும் அவருடைய குழுவினரும் 1970-களில் இத்துறையில் உலகறிந்த ஆராய்ச்சிகளை நடத்தினர். பின்னர், சுழலும் செப்புச் சக்கரத்தின்மீது உருகிய கலவையைப் பீய்ச்சி, தாளைவிட மெல்லிய நாடாவாக மைல்கணக்கில் உற்பத்தி செய்யும் முறை வளர்ந்தது.

இரும்பும் நிக்கலும் முக்கியமாக அடங்கிய சில உலோகக் கண்ணாடி நாடாக்களுக்குக் காந்தப்புலத்தில் நீளம் மாறும் இயல்பு உண்டு. இரும்பில் இவ்வியல்பை 1842-இலேயே ஜேம்ஸ் ஜூல் கண்டறிந்தார். மாறும் காந்தப்புலத்தில் வைத்தால் நாடா நீண்டும் சுருங்கியும் அதிரும். அதன் நீளத்துக்குப் பொருத்தமான அதிர்வெண்ணில் அந்த அதிர்வு மிகப் பெரிதாகும். கணக்கிட்டுப் பார்க்கலாம். இவ்வுலோகத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 4,400 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 38 மில்லிமீட்டர் நீளமுள்ள நாடாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று திரும்ப 76 மில்லிமீட்டர் தூரம். 4,400-ஐ 0.076-ஆல் வகுத்தால் சுமார் 58,000 வருகிறது. வில்லையின் அதிர்வெண் 58 கிலோஹெர்ட்ஸ். உலகெங்கும் இவ்வகை வில்லைகள் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருப்பதன் காரணம் இதுவே.

தூண்கள் இந்த அதிர்வெண்ணில் ஓர் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நொடி மட்டும் துடித்துவிட்டு நின்றுவிடுகின்றன. நின்றபின் காது கொடுக்கின்றன. கோயில் மணியை அடித்தபின் நாக்கு விலகினாலும் ஓசை தேய்ந்துகொண்டே தொடர்வதைப் போல, துடிப்பு நின்ற பிறகும் நாடா சிறிது நேரம் அதிர்ந்து தன் காந்த அலையை வெளியிடுகிறது. சாவியும் நாணயமும் அந்த நேரத்தில் ஊமைகள். அவற்றுக்குப் பின்னொலி கிடையாது. கேள்வி கேட்கும் நேரத்தையும் மறுமொழி கேட்கும் நேரத்தையும் பிரித்துவைத்த இந்த எளிய உபாயமே இவ்வகையின் நம்பகத்தன்மைக்கு அடிப்படை. ஒரு முறை கேட்டவுடன் மணி ஒலித்துவிடுவதில்லை. சரியான அதிர்வெண், சரியான நேரம், சரியான தேய்வு ஆகிய மூன்றும் அடுத்தடுத்த துடிப்புகளிலும் தொடர்ந்தால் மட்டுமே ஒலிக்கும்.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. அருகருகே இரு கடைகளில் இவ்வகைத் தூண்கள் இருந்து, அவை வெவ்வேறு கணங்களில் துடித்தால், ஒன்றின் துடிப்பு மற்றதன் செவிக்கு வில்லையின் குரலாகக் கேட்கக்கூடும். இதனைத் தவிர்க்க எல்லாத் தூண்களும் மின்வழங்கலின் 50 ஹெர்ட்ஸ் சுழற்சியைத் தாளமாகக் கொண்டு துடிக்குமாறு அமைக்கப்படுகின்றன. அமைப்பவர் இந்தத் தாளத்தைச் சரிபார்க்காமல் சென்றுவிட்டால் பக்கத்துக் கடையின் விளைவு இந்தக் கடையில் ஒலிக்கும்.

உறையின் மறுபாதியில் நிலைகாந்தமாக்கப்பட்ட இரண்டாவது தகடு ஒன்று உள்ளது. அதன் நிலையான புலம் இருந்தால்தான் நாடா உரிய சுருதியில், உரிய வலுவுடன் அதிரும். மேசையில் உள்ள கருவி இந்த இரண்டாவது தகட்டின் காந்தத்தன்மையை நீக்கிவிடுகிறது. நாடாவின் சுருதி விலகி, குரலும் மங்கிவிடுகிறது. தகட்டை மீண்டும் காந்தமாக்கினால் வில்லை மீண்டும் உயிர்பெறும். 1980-களின் நடுப்பகுதியில் சந்தைக்கு வந்த இவ்வகை, அகன்ற வாயில்களுக்கு ஏற்றதாகவும், உலோக உறைகளால் அவ்வளவாகப் பாதிக்கப்படாததாகவும் இருந்தமையால் விரைந்து பரவிற்று.

நூலகங்களில்

பிக்கார் கண்ட தத்துவம் இன்று பெரிதும் நூலகங்களிலேயே பயன்படுகிறது. எளிதில் காந்தமாகும் மெல்லிய உலோக இழை ஒன்று நூலின் முதுகிலோ இரு தாள்களின் இணைப்பிலோ மறைத்து வைக்கப்படுகிறது. வாயிலில் உள்ள குறைந்த அதிர்வெண் புலம் இந்த இழையை ஒவ்வொரு சுழற்சியிலும் முற்றிலும் காந்தமாக்கித் திடீரெனத் திசைமாற்றுகிறது. இந்தத் திடீர்த்தன்மையால், அனுப்பப்பட்ட அதிர்வெண்ணின் பல மடங்குகளில் புதிய அலைகள் தோன்றுகின்றன. சாதாரண இரும்பு அவ்வளவு கூர்மையாகத் திசைமாறாது. ஏற்பி தேடுவது இம்மடங்கு அலைகளையே.

இழையோடு சேர்ந்துள்ள கடினக் காந்தத் துணுக்குகளைக் காந்தமாக்கினால் இழை ஊமையாகும். காந்தம் நீக்கினால் மீண்டும் பேசும். நூல் இரவல் தரப்படும்போது ஊமையாக்கி, திரும்ப வரும்போது பேசவைக்கலாம். ஒரே நூல் நூற்றுக்கணக்கான முறை சென்று வரும் நூலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. வாசகர் ஒருவர் எடுத்துச் சென்றுவிட்ட நூலின் இழப்பு அதன் விலையோடு முடிவதில்லை. பதிப்பு தீர்ந்துவிட்ட நூலாயின் அதன்பின் வரும் மாணவர் எவருக்கும் அது கிட்டாது. ஆகவே, அழகுப்பொருள் கடைக்குச் செலவிடுவதைக் காட்டிலும் நூலகத்துக்கு இத்தகைய செலவு நியாயமானது என்பது நம் கருத்து.

தொடக்கக் காலத்தில் நுண்ணலையைப் பயன்படுத்திய ஏற்பாடுகளும் இருந்தன. அவற்றின் வில்லையில் ஒரு டயோடு இருந்தது. மனித உடல் நுண்ணலையை உறிஞ்சுவதால், உடலோடு ஒட்டி வைத்த வில்லை அகப்படாமற் போகும் குறைபாடு அவற்றுக்கு இருந்தது. துணிக்கடைகளில் காணப்படும் கெட்டிப் பிளாஸ்டிக் வில்லைகளோ புதிய தத்துவம் எதனையும் கொண்டவையல்ல. மேற்கூறிய சுருளோ நாடாவோதான் அவற்றுள்ளும் இருக்கிறது. துணியை ஊடுருவும் ஆணியைச் சிறு எஃகுக் குண்டுகள் கூம்பொன்றினுள் இறுகப் பற்றியிருக்கும். இழுக்க இழுக்கப் பிடி இறுகும். மேசையிலுள்ள வலிய காந்தம் குண்டுகளைப் பின்னுக்கு இழுத்தால் மட்டுமே ஆணி விடுபடும். சிலவற்றில் மைக்குப்பி வைத்து, வலிந்து பிரித்தால் துணி பாழாகும்படி செய்துள்ளனர். திருடியதன் பயனை அழிப்பது என்ற வேறொரு நோக்கம் அதில் உள்ளது.

வாயில் அறியாதவை

கடையொன்றின் இருப்புக் கணக்கில் விழும் பள்ளத்துக்குக் கடைக்கு வந்தவரின் திருட்டு ஒன்றே காரணம் ஆகாது. ஊழியர் கைவரிசை, சரக்கு அனுப்பியவர் குறைத்து அனுப்புதல், பதிவேட்டுப் பிழை, உடைந்தும் காலாவதியாகியும் போனவை ஆகிய அனைத்தும் அதே பள்ளத்தில்தான் விழுகின்றன. பின்வாயில் வழியே செல்லும் பெட்டிகளை முன்வாயில் தூண்கள் பார்ப்பதில்லை. வில்லைகளுக்குச் செலவிடும் முன்னர் இழப்பு எவ்வழியில் ஏற்படுகிறது என்று கணக்கெடுக்கும் கடைகள் அறிவுடையவை. விலை குறைந்த பொருள் ஒவ்வொன்றுக்கும் வில்லை ஒட்டுவதன் செலவும், ஒட்டும் கைகளின் கூலியும் பொருளின் இலாபத்தையே விழுங்கிவிடக்கூடும். இதனாலேயே தொழிற்சாலையில் பொதியும்போதே வில்லையைச் சேர்த்துவிடும் முறை மேனாடுகளில் வளர்ந்தது. அங்கும், செலவை உற்பத்தியாளர் ஏற்பதா, பயனடையும் கடை ஏற்பதா என்ற வழக்கு நீடித்தே வந்துள்ளது. இறுதியில் அது விலையில் ஏறுகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உலோகப் பூச்சிட்ட பைகளையும் களவாடிய காந்தங்களையும் கொண்டு வருவோர் உண்டு. தேர்ந்த திருடரை வில்லை மட்டும் நிறுத்திவிடாது. ஆனால் பொதுமக்களைப் பொறுத்தவரை பெரிய கேள்வி வேறு. திருடாதவர் கடந்து செல்லும்போதும் மணி ஒலிக்கிறது. மேசையில் இருந்தவர் அவசரத்தில் ஒரு வில்லையைத் தட்டின்மீது வைக்கத் தவறியிருக்கலாம். வேறொரு கடையில் முறையாக வாங்கிய காலணியில் ஊமையாக்கப்படாத வில்லை ஒளிந்திருக்கலாம். காந்தம் நீக்கப்பட்ட தகடு வேறு காந்தத்தின் அருகில் கிடந்து மீண்டும் உயிர்பெற்றிருக்கலாம். மணிக்கு இவை எல்லாம் ஒன்றே.

சட்டத்துக்கு இவை ஒன்றல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு, முன்னிருந்த தண்டனைச் சட்டத்தைப் போன்றே, நேர்மையற்ற கருத்துடன் எடுத்தலைத் திருட்டின் இன்றியமையாக் கூறாகக் கொள்கிறது. கருத்தை அளக்கும் கம்பிச்சுருள் எதுவும் இல்லை. மேலும், திருடப்பட்ட பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைந்து, குற்றவாளி முதன்முறையாகத் தண்டிக்கப்படுபவராகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பியளித்தால், அவருக்குச் சமுதாயப் பணியே தண்டனை என்று இப்பிரிவு புதிதாக வகுத்துள்ளது. கடைகளில் நிகழும் சிறு திருட்டுகளில் பெரும்பகுதி இந்த வரம்புக்குள் அடங்கும் எனலாம்.

காவலாளியின் அதிகாரமும் வரையறைக்கு உட்பட்டது. பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவின்படி, பிணையில் விடத்தகாததும் காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடியதுமான குற்றத்தைத் தம் கண்முன் செய்பவரையே தனிநபர் ஒருவர் பிடிக்கலாம். பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டு அவ்வகையில் சேர்வதில்லை. மணி ஒலித்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை அறையில் அடைத்து வைத்தாலோ வழிமறித்து நிறுத்தினாலோ, நியாய சன்ஹிதாவின் 126, 127 ஆகிய பிரிவுகளின்கீழ்ப் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரராகவே இருக்கக்கூடும். “தங்கள் ரசீதை ஒருமுறை காட்டுவீர்களா, எங்கள் பக்கம் வில்லையை நீக்க விடுபட்டிருக்கலாம்” என்று கேட்கப் பழக்கப்பட்ட ஊழியரும், “நில்” என்று கத்தும் ஊழியரும் ஒரே மணியைத்தான் கேட்கின்றனர். பயிற்சி தூண்களைவிடச் செலவு குறைந்தது. ஆயினும் தூண்களை விற்கும் ஒப்பந்தத்தில் அதற்கு இடமிருப்பதில்லை.

இதயக் கருவி பொருத்தப்பட்டோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. இவ்வாயில்களின் புலம் அக்கருவிகளைக் குழப்பக்கூடும். வாயிலருகே நின்றுகொண்டிருந்த ஒருவருக்கு உடலுள் பொருத்திய இதய அதிர்வுக் கருவி தேவையின்றி அதிர்ச்சிகளை அளித்த நிகழ்ச்சி 1998-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் பதிவாயிற்று. வாயிலை இயல்பான நடையில் கடந்து சென்றால் போதும்; அதன் அருகில் நிற்கவோ தூணில் சாயவோ கூடாது என்பதே அதையொட்டி மருத்துவர்களும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் அளித்த அறிவுரை. தூண்களை விளம்பரத் தட்டியால் மறைப்பதும், வரிசையில் நிற்போர் அவற்றின் நடுவே காத்திருக்கும்படி மேசையை அமைப்பதும் இக்காரணத்தால் தவிர்க்கத் தக்கவை.

எண் பெற்ற வில்லை

இதுவரை கண்ட வில்லைகள் அனைத்தும் ஒரே சொல்லையே அறிந்தவை: ‘இருக்கிறேன்’. புதிய வகை வில்லையில் அரிசியைவிடச் சிறிய சில்லு ஒன்று இணைக்கப்பட்டு, ஒவ்வொரு பொருளும் தனக்கே உரிய எண்ணைப் பெறுகிறது. நூலகங்களில் இது பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. கடைகளிலும் கிடங்குகளிலும் இன்னும் உயர்ந்த அதிர்வெண்ணில் சில மீட்டர் தொலைவு வரை படிக்கப்படுகிறது. இதற்காக நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசை உரிமம் இன்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டுள்ளது. தண்ணீரும் உலோகமும் இதற்குத் தடை. எண்ணெய்ப் புட்டியும் தகர டப்பாவும் இதனைச் சோதிக்கின்றன.

எண் இருப்பதால் வாயில் கேட்கும் கேள்வி மாறுகிறது. கடக்கும் சட்டையின் எண்ணைப் படித்து, விற்பனைப் பதிவேட்டில் அது உள்ளதா என்று பார்த்துவிட்டே மணியை ஒலிக்கச் செய்யலாம். வேறு கடையில் வாங்கிய காலணி இனி ஒருவரைத் தலைகுனியச் செய்ய வேண்டியதில்லை. எந்த அடுக்கிலிருந்து எது குறைந்தது என்பதும் அன்றன்றே தெரியும்.

அதேநேரத்தில், அந்த எண் சட்டையோடு வெளியே செல்கிறது. ரசீது போடும்போது வாடிக்கையாளரின் கைப்பேசி எண்ணைக் கேட்டுப் பதிவது நம் கடைகளில் வழக்கமாகிவிட்டது. சட்டையின் எண்ணும் கைப்பேசி எண்ணும் ஒரே பதிவேட்டில் இணைந்துவிட்டால், அச்சட்டையை அணிந்து மறுமுறை கடைக்கு வருபவர் யார் என்பதை வாயிலிலேயே அறிய இயலும். 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை இனங்காண உதவும் எந்தத் தரவையும் அவருடைய தனிநபர் தரவாகவே கொள்கிறது. வில்லையின் எண்ணை நிலையாக அழித்துவிடும் கட்டளை ஒன்று இவ்வகைச் சில்லுகளுக்கான உலகத் தரத்திலேயே இடம்பெற்றுள்ளது. மேசையில் அக்கட்டளை பிறப்பிக்கப்பட்டதா என்பதைப் பார்வையால் அறிய வழியில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், அல்லது வீடு சேர்ந்ததும் வில்லையைக் கத்தரித்து எறிந்துவிடலாம்.